மழை நாட்டில் ரோஜா

கினிகத்தேனையில் ரோஜா வளருமா என்று நம்மிடம் வினவுவோர் பலர். நுவரெலியாவுக்குச் சென்று, ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, திரும்பும் வழியில் ஒரு செடியை விலைக்கு வாங்கி வருகின்றனர். வந்த செடி சில காலம் செழித்து நிற்கிறது. இரண்டொரு மலரும் தருகிறது. வைகாசி மழை தொடங்கியதும் இலைகளிற் கரும்புள்ளி விழுகிறது. இலை மஞ்சளித்து உதிர்கிறது. ஆவணி முடிவதற்குள் முள்ளுங் குச்சியுமே எஞ்சுகின்றன. “ரோஜா துரைமார் பங்களாவுக்கு உரிய பூ, நம் வாசலுக்கு அது வாய்க்காது” என்று சொல்லிச் செடியைப் பிடுங்கி எறிந்து விடுகின்றனர்.

இம்முடிவு பொருத்தமற்றது என்பதே இவ்வாரம் நாம் சொல்லப் புகுவது. ரோஜாவை இங்கே கெடுப்பது நமது கைராசியன்று. இலையிலே தங்கும் ஈரமும் மண்ணிலே உள்ள புளிப்புமே. இவ்விரண்டையும் வெல்லும் வழியோ, தேயிலை மலையில் வேலை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் வழிதான்.

தேயிலை மணம் பெற்ற மலர்

கடைகளிலும் பூங்காக்களிலும் நாம் காணும் பெரிய ரோஜா, நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை மொட்டாகக் கூம்பி நின்று மெல்ல விரிவது, ‘ஹைபிரிட் டீ’ என்னும் கலப்பினத்தைச் சேர்ந்தது. இப்பெயரிலுள்ள ‘டீ’ நாம் அருந்தும் தேநீரையே குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற சில ரோஜாக்களின் மணம், புதுத் தேயிலையின் மணத்தை ஒத்திருந்ததால் அவற்றிற்கு அப்பெயர் வந்தது என்பர். ஐரோப்பிய ரோஜாக்கள் குளிரைத் தாங்குவன. ஆயின் அவற்றுட் பல ஆண்டில் ஒரு பருவமே பூப்பன. சீனத்து ரோஜாக்களோ குளிருக்கு அஞ்சுவன. ஆயின் ஆண்டு முழுவதும் பூப்பன. இவ்விரு குலங்களும் கலந்ததன் பயனே இன்றைய ரோஜா.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் கியோ என்னும் பண்ணையாளர் ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவை 1867 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஹைபிரிட் டீ இனத்தின் முதல் மலர் அதுவே எனக் கொள்ளப்படுகிறது. அதே 1867 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆகவே நம் மலைநாட்டின் பெருந்தோட்டத் தேயிலையும் இந்த ரோஜா இனமும் ஒரே வயதுடையன. சீனத்து மண்ணிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி வந்த இரண்டு செடிகளுமே இன்று இம்மலைகளில் அருகருகே நிற்கின்றன. ஒன்றைப் பேணத் தெரிந்தவர்க்கு மற்றொன்று அந்நியமாகாது.

ஈரம் எனும் பகை

ஹக்கலையிற் செழிக்கும் செடி கினிகத்தேனையில் ஏன் வாடுகிறது? ஹக்கலைப் பூங்கா 1861 ஆம் ஆண்டில் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப் பெற்றது. கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. நமது ஊரோ ஹட்டனின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி உயரமே கொண்டது. தென்மேல் பருவக்காற்று மலையில் முதலில் மோதும் சரிவிலே நாம் வாழ்கிறோம். அண்டையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. இலங்கையில் மழை மிகுந்த இடங்களின் வரிசையில் இப்பகுதிக்கே முன்னிடம்.

ரோஜாவின் கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது. அதன் வித்து இலைமீது விழுந்தவுடன் நோய் பற்றிக்கொள்வதில்லை; ஏறக்குறைய ஏழு மணி நேரம் இலை தொடர்ந்து நனைந்திருந்தாலே அது முளைத்து உள்ளே நுழையும். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் எஞ்சியவை தாமே விளங்கும். மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மழை விட்ட பின் இலை விரைவில் உலரும்படி செய்யலாம்.

முதலாவது, காலை வெயில் விழும் இடத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். இரவின் ஈரத்தைக் காலைக் கதிரவனே முதலிற் போக்குவான். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். இரண்டாவது, செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி விட வேண்டும். நெருங்கி நிற்கும் செடிகளின் நடுவே காற்று நுழையாது. மூன்றாவது, தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் காலையில் வேரடியில் ஊற்ற வேண்டும். மாலையில் இலை நனையத் தெளிப்பது நோயை விருந்துக்கு அழைப்பதாகும். நான்காவது, உதிர்ந்த புள்ளி இலைகளை அன்றாடம் பொறுக்கி எரித்துவிட வேண்டும். மழைத்துளி தெறிக்கும்போது அவற்றிலிருந்தே வித்துக்கள் மேலே ஏறுகின்றன. செடியடியிற் காய்ந்த புல்லைப் பரப்பினால் அத்தெறிப்புக் குறையும்.

இடம் இல்லாதவர்க்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒரு முழ அகலமுள்ள தொட்டியையோ, அடியில் துளையிட்ட பழைய தகர வாளியையோ இஸ்தோப்பின் ஓரத்திற் கூரைக்கு உட்பட்டு வைத்தால், வெயில் செடிக்குக் கிட்டும். அடைமழை இலையைத் தொடாது. லயத்து வாசலில் நாலடி நிலமே உடையவரும் இவ்வாறு இரண்டு செடி வளர்க்கலாம்.

நோய் முற்றினால் மருந்து தெளிக்கலாமா என்று கேட்கலாம். அது கடைசி வழி. 1946 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செப்பு மருந்தை நேயர்கள் அறிவர். அது பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆயினும் குளிரும் ஈரமும் கூடிய நாளில் ரோஜா இலையையே கருக்கிவிடுவதும் உண்டு. ஆகையால் விவசாய அலுவலரின் ஆலோசனையின்றி அதனைக் கையாளலாகாது.

மண்ணின் புளிப்பு

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பை அளக்கும் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருக்கும் நிலமே அதற்கு உகந்தது. ரோஜா விரும்புவதோ 6 முதல் 6.5 வரை. இப்பெறுமானம் குறையக் குறையப் புளிப்புக் கூடும் என்பதை மாணவர்கள் படித்திருப்பர். எனவே தேயிலை நின்ற மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் நிரப்பினால் ரோஜா தேறாது. எவ்வளவு உரமிட்டாலும் அதனை உண்ண வேருக்கு இயலாது.

இதற்கு மருந்து தோட்டங்களில் எல்லோரும் அறிந்த டொலமைற்றே. ஒன்றரை அடி ஆழமும் அகலமுமாகக் குழி தோண்டி, அம்மண்ணோடு நன்கு மக்கிய சாணத்தையும் இலை உரத்தையும் கலக்க வேண்டும். நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒன்றிரண்டு கைப்பிடி டொலமைற்றைக் கலந்து விடுதல் நன்று. அடுப்புச் சாம்பலையும் சிறிதளவு சேர்க்கலாம். டொலமைற்றையும் யூரியாவையும் ஒரே நாளில் இடக்கூடாது. இட்டால் உரத்தின் சத்து ஆவியாகிப் போய்விடும்.

ரோஜாவின் வேர் தேங்கிய நீரிற் கிடந்தால் அழுகும். ஆகவே பாத்தியை நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, பக்கத்திற் சிறு கான் வெட்டி நீரை வடித்துவிட வேண்டும். சரிவு நிலத்தில் மண் கரையாமலும் நீர் தேங்காமலும் கான் வெட்டும் முறையை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெருமழை சத்தைக் கழுவிச் செல்வதால், உரத்தை ஒரே முறையில் மிகுதியாக இடாமல், சிறிது சிறிதாகப் பல முறை இடுதல் வேண்டும்.

கவ்வாத்து

ரோஜா வளர்ப்பில் எல்லோரும் அஞ்சும் பகுதி கவ்வாத்து. ஆசையோடு வளர்த்த கொப்பை வெட்ட மனம் வருவதில்லை. ஆயினும் புதுக் கொப்பிலேதான் நல்ல பூ வரும். வெட்டாத செடி உயர்ந்து மெலிந்து, மழையில் நோயுற்று மடியும்.

தேயிலைக் கவ்வாத்துக்கும் ரோஜாக் கவ்வாத்துக்கும் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. காய்ந்த கொப்பு, நோயுற்ற கொப்பு, ஒன்றோடொன்று உராயும் கொப்பு ஆகியவற்றை முதலில் நீக்குதல் இரண்டுக்கும் பொது. கூரிய கத்தி வேண்டும், வெட்டு நசுங்கலாகாது என்பதும் பொது. வேற்றுமை யாதெனின், தேயிலையை மட்டமாக வெட்டுவோம். ரோஜாவை அவ்வாறு வெட்டலாகாது. வெளிப்புறம் நோக்கிய ஒரு கணுவைப் பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். அப்போது புதுக் கொப்புக்கள் வெளிநோக்கி வளரும். செடியின் நடுப்பகுதி கிண்ணம்போலத் திறந்து, காற்றும் வெயிலும் உட்புகும். கரும்புள்ளி நோய்க்கு இதைவிடச் சிறந்த தடையில்லை.

எப்போது வெட்டுவது? இங்கிலாந்து நூல்கள், பனிக்காலம் கழிந்தபின், மாசி பங்குனியில் வெட்டுமாறு கூறும். அது அந்நாட்டுக்குப் பொருந்தும். இங்கே தை முதல் பங்குனி வரையுள்ள காலமே மழை குறைந்தது; அதுவே நமக்குப் பூக்காலம். வெட்டிய நாளிலிருந்து பூ வருவதற்கு ஏழெட்டு வாரம் செல்லும். ஆதலால் மார்கழித் தொடக்கத்தில் வெட்டினால் தை மாதத்தின் பின்பாதியில் மொட்டுக் கட்டி, மாசியிற் சிவராத்திரி வரையில் மலர் கிடைக்கும். குளிர் நாடுகளிற்போல் அரை அடிக்குக் குறைத்து வெட்ட வேண்டியதில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ நீக்கினாற் போதும்.

இன்னொரு செய்தி. கடையில் வாங்கும் ஹைபிரிட் டீ, பெரும்பாலும் காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டியதாகும். ஒட்டுக்குக் கீழே இருந்து எழும் தளிர் அக்காட்டு ரோஜாவுக்கு உரியது. செழிப்பாக வளர்கிறதென்று அதனை விட்டால், சில மாதங்களில் அதுவே செடியை ஆக்கிரமிக்கும். மண்ணை விலக்கி, அடியோடு பிய்த்தெறிய வேண்டும். பூப் பறிக்கும்போதும், கொப்பில் இரண்டு முழு இலையாவது எஞ்சுமாறு வெட்டுதல் நன்று.

யாருடைய மலர்?

ரோஜா துரைமார் பூ என்னும் பேச்சுக்கு மீண்டும் வருவோம். பங்களாக்களின் முன்னே ரோஜாப் பாத்திகள் இருந்தமை உண்மை. ஆனால் அவற்றுக்குக் குழி தோண்டியவர் யார்? கான் வெட்டியவர் யார்? கவ்வாத்துச் செய்தவர் யார்? நம் பாட்டன்மாரே அல்லரோ? நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை. மலரும் அவர்களுடையதாக இருக்கவில்லை. கைத்திறன் ஒன்றே அவர்களுடையதாக இருந்தது. 1823 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. அண்மைக்காலத்தில் லயத்தை விட்டு ஏழு பேர்ச் நிலத்திலே தனி வீடு பெற்ற குடும்பங்களும் சில உள. எல்லோர்க்கும் அவ்வாய்ப்பு இன்னும் கிட்டவில்லை. கிடைத்தவர் தம் வாசலில் முதன் முதலாக நடும் செடி எதுவாயினும், அது அவர்களுக்கே உரியது.

மாணவ மாணவியர்க்கு ஒரு வார்த்தை. கவ்வாத்துக் கத்தியைத் தொடுவது படித்தவர்க்கு இழுக்கு என்று எண்ணும் பிள்ளைகளை நாம் வகுப்பறையிற் காண்கிறோம். தாவரவியற் பாடத்தில் கணு, அரும்பு, பூஞ்சணம், அமிலத் தன்மை என்று மனனம் செய்யும் அப்பிள்ளைகளின் தந்தையர், அவற்றையெல்லாம் மலையில் அன்றாடம் கண்ணாற் காண்பவர்கள். இம்மார்கழியில் ஒரு நாள் தந்தையை அழைத்துச் செடியருகே நிற்கச் செய்யுங்கள். எந்தக் கணுவின் மேல் வெட்டுவது என்று அவரிடம் கேளுங்கள். வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும் என்று நூலிற் படித்ததை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதை அவர் உங்களுக்குக் காட்டுவார். மாசியிற் பூக்கும் மலரில் இருவர்க்கும் பங்கு இருக்கும்.

அடுத்த முறை, ஒட்டுக் கட்டுதலும் பதியம் வைத்தலும் பற்றி எழுதுவோம்.