ரூம் படுக்க மட்டும்தானே?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது. மே விடுமுறைக்கு ஆம்பூரிலிருந்து பிடதி வொண்டர்லாவுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. ஒன்பது பேர். அதில் என் ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. தங்கச்சி குழந்தைக்கு இரண்டு வயது. போகிற தேதியில் தகராறு இல்லை, வேனில் தகராறு இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் எல்லாம் வெடித்தது.

பார்க் வளாகத்துக்குள்ளேயே இருக்கிற ரிசார்ட்டில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று நான் எழுதினேன். சித்தப்பாவிடமிருந்து உடனே வாய்ஸ் நோட் வந்தது. "டேய், ராத்திரி படுக்கத்தானே ரூமு? அதுக்கு இன்னாத்துக்குடா அம்மாம் காசு? கெங்கேரில மாமா ஊடு கீது. ரெண்டு நாள் அங்க படுத்துட்டு காலைல போய்ட்டு வந்துரலாம்." ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

எனக்குச் சித்தப்பா மேல் கோபமில்லை. அவர் சொன்ன அந்த முதல் வாக்கியத்தின் மேல்தான் கோபம். ராத்திரி படுக்கத்தானே ரூம். தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ சுற்றுலாக்களை இந்த ஒரு வாக்கியம் தீர்மானித்திருக்கிறது. கேட்டால் சிக்கனம் மாதிரி இருக்கும். அது மறைக்கிற செலவு யார் தலையில் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கக் காரணம் 2002இல் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரே ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் தெருவே சேர்ந்து வேன் பிடித்து, ஈசிஆர் பக்கம் இருந்த ஒரு பார்க்குக்குப் போனோம். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. என்றால், அம்மா ஒன்றரைக்கே எழுந்து புளிசோறு கட்டியிருந்தார். பார்க்குக்குள் போனதும் நாங்கள் தண்ணிக்கு ஓடினோம். அம்மா ஒரு வேப்பமர நிழலில் பைகளைக் குவித்து உட்கார்ந்தார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்."

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோதும் அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எங்கள் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுராத்திரி ஊர் வந்து சேர்ந்தோம். காலையில் அம்மா வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தார். நான் பள்ளிக்கூடத்தில் ராட்டினக் கதை சொன்னேன். அம்மா ஒரு ராட்டினத்தில்கூட ஏறவில்லை என்பது எனக்கு உறைத்தது பதினைந்து வருஷம் கழித்து, நானே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படி ஒரு பார்க்கில் நின்றபோதுதான்.

பார்க்கில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். பத்து, பத்தரை மணிக்குக் கேட் திறக்கும். முதலில் உலர்ந்த ராட்டினங்கள், அப்புறம் தண்ணி. தண்ணிக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான் மாதிரி துணிதான் வேண்டும். ஆகவே உடை மாற்ற வேண்டும். மாற்றிய உடையை லாக்கரில் வைக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குச் சின்னக் குழந்தை அழ ஆரம்பிக்கும். வயதானவர் கால் வீங்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். சாப்பிட்ட இடத்திலேயே எல்லாரும் கொஞ்சம் தலை சாய்க்கப் பார்ப்பார்கள். ஒரு குடும்பச் சுற்றுலா உடைகிற நேரம் அந்த இரண்டு மணிதான். ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் தூங்கிவிடுவார்கள். சித்தப்பா வாதத்தில் அதுவரை உண்மை இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குத் தலை சாய்க்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பத்து நிமிஷ நடையில் ஒரு அறை இருந்தால் ஆயாவும் குழந்தையும் அங்கே போய்ப் படுக்கலாம். பையும் அங்கே இருக்கும். பையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா தேவைப்படாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சண்டை வந்தால் எக்செல் திறப்பது எங்கள் தொழில் வியாதி. சித்தப்பாவின் கணக்கில் வாடகை, டீசல், டிக்கெட், சாப்பாடு என்று நாலு பத்தி இருந்தன. நான் இரண்டு பத்தி சேர்த்தேன். ஒன்று, எத்தனை மணி நேரம். இன்னொன்று, யாருடைய மணி நேரம்.

கெங்கேரியிலிருந்து பிடதிக்கு மைசூர் ரோட்டில் போக வேண்டும். தூரம் குறைவுதான், ஆனால் விடுமுறை நாளில் அந்த ரோட்டின் நெரிசல் தூரத்தைப் பார்த்து வருவதில்லை. அதையாவது எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மாமா வீட்டுக் கணக்கு வேறு. ஒன்பது பேர் போய் இறங்கினால் அத்தை எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அத்தையைத் தனியாக விட்டுவிட்டு என் அம்மா படுத்திருப்பாரா? இட்லிக்கு முதல் நாளே மாவு அரைக்க வேண்டும். ஒரே பாத்ரூமில் பத்துப் பன்னிரண்டு பேர் குளிக்க வேண்டும். ராத்திரி பார்க்கிலிருந்து திரும்பியதும் ஈரத்துணி அலச வேண்டும். 'சொந்தக்காரங்க வீடு இலவசம்' என்று நாம் சொல்கிறோமே, அந்த இலவசத்துக்கு இரண்டு பெண்கள் பில் கட்டுகிறார்கள். ரூபாயில் இல்லை என்பதால் அது எக்செல்லில் ஏறுவதில்லை.

இதில் எனக்குப் புரியாதது, எங்கள் ஊர்க்காரர்களே இப்படிச் சொல்வதுதான். தங்குமிடத்தின் தூரம் என்றால் என்னவென்று வேலூர் மாதிரி தெரிந்த ஊர் தமிழ்நாட்டில் குறைவு. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றித் தோட்டப்பாளையம் தெருக்களில் நடந்து பாருங்கள். வங்காளத்திலும் இந்தியிலும் போர்டு வைத்த லாட்ஜுகள். கல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அறைக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை கிடைத்தால் நிம்மதி. காட்பாடி பக்கம் போனால் வாடகை மிச்சமாகலாம், ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க, மாத்திரை வாங்க, நோயாளியைப் படுக்கவைக்க என்று நாளுக்கு நாலு தடவை ஆட்டோ. யாராவது அவர்களிடம் போய் 'ரூம் படுக்கத்தானே?' என்று கேட்போமா? கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். படுக்கிற நேரம் ராத்திரி மட்டுமில்லை என்பது நோயாளி வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

திருமலையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறையாவது திருப்பதி போகாத குடும்பங்கள் குறைவு. அங்கே மலை மேல் அறை கிடைத்ததா, கீழே தங்கினீர்களா என்பதுதான் திரும்பி வந்தவரிடம் கேட்கிற முதல் கேள்வி. தேவஸ்தானம் ஐம்பது, நூறு ரூபாய் வாடகைக்கு மலை மேலேயே அறை வைத்திருக்கிறது. மொட்டை போட்டு, குளித்து, குழந்தையைத் தூங்க வைத்து, வரிசைக்குப் போய்ச் சேர அது வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் சத்திரம் கட்டியவர்களுக்கு இந்த அறிவு இருந்தது. வந்தவர் களைத்திருப்பார், அவருக்குப் பக்கத்திலேயே ஒரு திண்ணை வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். சாமி கும்பிடப் போனால் பக்கத்தில் தங்க வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. சந்தோஷமாக இருக்கப் போனால் மட்டும் எங்காவது சுருண்டு கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பொம்பளைகளும் கிழவிகளும் சந்தோஷமாக இருப்பது நம் கணக்கில் ஒரு செலவினமாகவே இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. பார்க்குக்குள் தங்குவது என்பது கம்பெனிகள் திட்டம் போட்டு விற்கிற சரக்கு. வால்ட் டிஸ்னி 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஹோட்டல் கட்ட அவரிடம் பணமில்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர்தான் பக்கத்தில் ஹோட்டல் கட்டினார். பார்க்கைச் சுற்றி மோட்டல்கள் முளைத்து, கூட்டம் அங்கே தங்கியது, காசும் அங்கே போனது. டிஸ்னி அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அடுத்து ஃபுளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ரகசியமாக ஏறக்குறைய 27,000 ஏக்கர் வாங்கினார்கள். 1971இல் பார்க் திறந்தபோது ஹோட்டலும் அவர்கள் நிலத்திலேயே இருந்தது. வந்தவர் வெளியே போக வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்பது கணக்கு. எல்லா இடத்திலும் அது பலிக்கவுமில்லை. 1992இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளோடு திறந்தார்கள். நிறையப் பேர் பாரிஸிலேயே தங்கி, ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன, கடன் கழுத்தை நெரித்தது. ரயில் வசதி நன்றாக இருந்தால் வெளியே தங்குவதே புத்திசாலித்தனம் என்று ஐரோப்பியக் குடும்பங்கள் காட்டின.

ஆகவே உள்ளே தங்குவதை நான் கும்பிடச் சொல்லவில்லை. எங்கள் தோல் ஊர்களில் அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே அவர்கள் படுக்கையும் இருந்தது. சிஎம்சிக்கு வந்த வங்காளிக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் படுக்கை கிடைத்தால் அது வசதி. தோல் கம்பெனிக்கு வந்த வங்காளிக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடைத்த படுக்கை சாவு. முதலாமவர் அந்த இடத்தைத் தேடி எடுத்தார். இரண்டாமவருக்கு வேறு இடம் இருந்ததா? சுற்றுலாவையும் அந்தச் சாவையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படுக்கத்தானே, எங்கே படுத்தால் என்ன என்கிற அலட்சியம் சித்தப்பாவின் வாய்ஸ் நோட்டோடு முடிந்துவிடுவதில்லை. யார் படுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது.

அதனால் உள்ளேயா வெளியேயா என்று கேட்பதை விட்டுவிட்டு நான் வேறு கேள்விகள் கேட்கிறேன். மதியம் பார்க்கிலிருந்து அறைக்கு வந்துவிட்டுத் திரும்பப் போக விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் உள்ளே தங்கியும் பிரயோஜனம் பாதிதான். முன்பதிவுக்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். அங்கே விற்கிற சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியே போய்ச் சாப்பிட முடியுமா? பிடதி தட்டே இட்லிக்குப் பேர்போன ஊர், அதை விட்டுவிட்டு மூன்று வேளையும் பஃபே தின்ன வேண்டியதில்லை. கூட வருகிற எல்லாரும் இருபது வயதுக்காரர்களா? அப்படியென்றால் வெளியே மலிவான லாட்ஜ் போதும், சித்தப்பா சொன்னதே சரி. கையில் நிஜமாகவே காசு இல்லையா? கடன் வாங்கி ரிசார்ட்டில் தங்கச் சொல்கிறவன் அயோக்கியன். அப்போது ஒரு வழி இருக்கிறது: பையைப் பார்த்துக்கொள்வதை மணிக்கு ஒருவர் என்று முறை போடுங்கள். முதல் மணி ஆம்பளைகளுடையது.

எங்களுக்குக் காசு இருக்கிறது. சித்தப்பா போன வருஷம்தான் கார் மாற்றினார். இரண்டு ராத்திரி கெங்கேரியில் தங்குவதற்குப் பதில் ஒரு ராத்திரி உள்ளே தங்கிவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் டீசலும் மிச்சம், அத்தைக்கு ஒன்பது பேர் சமையலும் மிச்சம். திரும்பும் வழியில் மாமா வீட்டில் காப்பி குடித்துவிட்டு வரலாம். விருந்தாளியாகப் போவது என்றால் அதுதான். 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் பக்கமும் வொண்டர்லா வந்துவிட்டது, காலையில் போய் ராத்திரி வந்துவிடலாம் என்று மச்சான் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். 2002இன் வேன் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் யார் ஒன்றரைக்கு எழுந்திருப்பது என்று மட்டும் கேட்டேன். அவர் அப்புறம் பேசவில்லை.

எக்செல்லைக் குழுவில் போட்டேன். சித்தப்பா இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் சித்தி போட்டார். சித்தி அந்தக் குழுவில் 'குட் மார்னிங்' தவிர எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. "உள்ளயே தங்கலாம்" என்று இரண்டே வார்த்தை. அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களில் சித்தப்பாவும் இருந்தார்.

அம்மா குழுவில் எதுவும் எழுதவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தனியாகப் போன் பண்ணினார். ரிசார்ட் எப்படி இருக்கும், எத்தனை கட்டில், வாடகை எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. "மதியானம் பைய ரூம்லயே போட்டுப் பூட்டிட்டு வந்துரலாமாடா?" என்றுதான் கேட்டார்.

வரலாம்மா என்றேன்.

"அப்ப எனக்கும் அந்தத் தண்ணி டிரெஸ்ஸு ஒண்ணு எடுத்துரு" என்றார்.