பள்ளிப் பையில் விஷக் குழல்! குற்றவாளி யார்?



பேனா அளவில் ஒரு குழல். உள்ளே மின்கலமும் நிகோடின் கலந்த திரவமும். உறிஞ்சினால் திரவம் சூடேறி ஆவியாகிறது. தீக்குச்சி வேண்டாம், சாம்பல் இல்லை, பீடி நாற்றமும் இல்லை. மாம்பழ வாசனை வருகிறது! வீட்டில் அப்பனுக்கும் தெரியாது, வகுப்பில் வாத்தியாருக்கும் தெரியாது. இதன் பெயர் 'வேப்'.

"பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்று உபதேசிக்கப் பெரிய மனிதர்கள் கிளம்பிவிட்டார்கள். நாம் கேட்கிறோம்: மாம்பழ வாசனையைக் கலந்தது பதினைந்து வயதுப் பையனா? நாற்பது வருஷம் சுருட்டுப் பிடித்த கிழவனுக்கு அந்த வாசனை எதற்கு? பள்ளிப் பிள்ளைக்குப் போட்ட தூண்டில் அது!

அமெரிக்காவைப் பாருங்கள். ஜூல் என்ற கம்பெனியின் குழலுக்கு மாணவர்கள் லட்சக்கணக்கில் அடிமையானார்கள். 2018 டிசம்பரில் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி, மாணவரிடையே இது கொள்ளைநோயாகப் பரவிவிட்டது என்று அறிவித்தார். அதே மாதம் மார்ல்பரோ சிகரெட் முதலாளியான ஆல்ட்ரியா 1,280 கோடி டாலர் கொட்டி ஜூலில் 35 சதவீதப் பங்கை வாங்கியது! வைத்தியர் நோய் என்றார். முதலாளி லாபம் என்றான்.

தமிழ்நாட்டில் 2018லும் நாடு முழுவதும் 2019லும் இந்தக் குழலுக்குத் தடை வந்தது. வரவேற்கிறோம். முதல் தடவை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, லட்ச ரூபாய் வரை அபராதம். ஆனால் சிகரெட் தாராளமாக விற்கிறதே! அரசின் கையிலுள்ள எல்.ஐ.சி.யே ஐ.டி.சி. சிகரெட் கம்பெனியின் பங்குதாரர் அல்லவா? பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெஜக்கோலைப் பிடித்து அளப்பது யார்?

பையன் ஏன் ஊதுகிறான்? அப்பன் இரவு ஷிப்டில். அம்மா மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிறாள். மாலையில் விளையாட மைதானம் இல்லை. பரீட்சைப் பயம் நெஞ்சை அழுத்துகிறது. சினிமாவில் கதாநாயகன் ஊதுகிறான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் காசுக்கார வாலிபன் ஊதினால், அதுதான் கௌரவம் என்று நம் பையன் நினைப்பதில் என்ன வியப்பு? வளரும் மூளையை நிகோடின் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. பிறகு எளிதில் விடுவதில்லை.

தென்காசியிலும் கடையத்திலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் சகோதரிகள் மீது நமக்குக் கோபமில்லை. புகையிலைத் தூளை மூச்சோடு இழுத்து இருமுகிறவர்கள் அவர்களே. ஆனால் நம்மையும் ஒன்று கேட்டுக்கொள்வோம்: பெட்டிக்கடைக்குப் பிள்ளையை அனுப்பி பீடிக்கட்டு வாங்கிவரச் சொன்ன கை யாருடையது? அந்தப் பழக்கத்தை இன்றே விடுவோம்.

பிடிபட்ட மாணவனுக்கு டி.சி. கொடுத்துத் துரத்தாதே! அவனுக்கு வைத்தியம் கொடு. கடத்துகிறவனையும் கிடங்கு வைத்திருப்பவனையும் பிடி! ஊருக்கு ஊர் மைதானமும் படிப்பகமும் திற! இவற்றைக் கேட்டு ஆலைவாயிலிலும் வயற்காட்டிலும் குரல் எழுப்புவோம். நம் பிள்ளைகளின் மூச்சு முதலாளியின் லாபக் கணக்கில் வரவு வைக்க அல்ல!