தறியும் தாய்ப்பாலும்

தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்னும் வினாவுக்கு நம் அங்கத்தினர் இல்லங்களில் விடை கூறுவது பெரும்பாலும் கூலிக் கணக்கே. ஆறு மாதம்வரை சிசுவுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா என்பது மருத்துவர் துணிபு. புட்டிப்பால் விளம்பரத்தையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆயினும், கும்பகோணம் வட்டாரத்தில் புடவைக் கணக்கில் கூலி பெறும் சகோதரிக்குத் தறியை விட்டெழும் ஒவ்வொரு வேளையும் நஷ்டமே. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 2017-இல் திருத்தப்பெற்று, 26 வார விடுப்பளித்தது ஆலை, அலுவலகம் முதலியவற்றில் சம்பளம் பெறுவோர்க்கே. வீட்டுத் தறிக்கும் நடவு வயலுக்கும் அது எட்டவில்லை.

பிள்ளை பெற்ற அங்கத்தினர்க்கு ஆறு மாதம் புடவைத் தவணையை நீட்டி, கூலியில் முன்பணமும் சங்கம் அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நிதிக்கு எங்கே போவது என்பர். தீபாவளி போனசுக்குக் கண்ட வழியை இதற்கும் காணலாமே! பால் சுரவாத தாயரைப் பழித்தல் தகாது. அவர்கட்கும் புட்டியைவிட நம் வீட்டுச் சங்கே கழுவ எளிது.