வீட்டுத் திறப்பை இரும்புக்காரரிடம் போடாதீர்கள்



ஒவ்வொரு ஒக்டோபர் 30 வந்தாலும் நமக்கு 1990 ஞாபகம் வரும். கறுப்புப் படம் போடுவோம். மேடையில் "75,000 பேர்" என்று பேசுவோம். யாழ்ப்பாணத்தாருக்குப் புலிகள் கொடுத்த 2 மணித்தியாலத்தைச் சொல்லுவோம். 31ஆம் திகதி மறந்துவிடுவோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த 75,000 இல் உங்கள் வீட்டார் எத்தனை பேர்? எந்த ஊர், எந்தத் தெரு? காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் நாகவில்லிலும் கல்பிட்டியிலும் பழைய றங்குப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. சோனகத் தெரு வீட்டுத் திறப்பு. ஒஸ்மானியாவில் படித்த பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை. எருக்கலம்பிட்டிக் கல்யாணப் படம். முகாமில் தந்த நிவாரண அட்டை. உம்மம்மா மௌத்தாகி நாற்பது முடிவதற்குள் அந்தப் பெட்டியை வெளியே வைக்கிறோம். பேப்பர் ஒருவருக்கு, இரும்பு ஒருவருக்கு. சரித்திரத்தைக் கிலோக் கணக்கில் விற்கிறோம்!

"பழசை ஏன் கிளறுவது, தமிழ்ச் சகோதரர்களோடு மனக்கசப்பு வரும்" என்கிறார்கள் சிலர். ஒரு திறப்பு யாருடைய பிள்ளையையும் குற்றம் சொல்லாது. அங்கே ஒரு வீடு இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். அதைச் சொல்ல ஆதாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்கள் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, வில்பத்துக் காட்டைப் பிடிக்க வந்தவர்கள் என்று நாடே பேசியது. 20 வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த ஊரில் மரம் வளராமல் என்ன செய்யும்?

ஸ்கொட்லாந்தில் சென்ட் கில்டா என்றொரு சின்னத் தீவு. 1930 ஓகஸ்ட் 29 இல் கடைசி 36 பேரும் தாங்களாகவே கேட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய சாமான்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 36 பேருக்கு அது நடந்திருக்கிறது. விரட்டப்பட்ட 75,000 பேருக்கு ஓர் அலுமாரி இல்லையா?

பெரிய கட்டடம் வேண்டாம். அமைச்சர் வந்து நாடா வெட்டவும் வேண்டாம். பள்ளிவாசலில் அல்லது பாடசாலையில் பூட்டுள்ள ஓர் அலுமாரி, ஒரு பதிவுப் புத்தகம், ஒரு நல்ல போன் கமரா போதும். பொருள் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் எப்படிக் கொண்டுவந்தார் என்று தந்தவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். காணி உறுதியின் அசலைக் கொடுக்காதீர்கள், நாளைக்குத் தேவைப்படும். படம் எடுத்தால் போதும். மற்றவையும் அமானிதம்தான். கேட்ட நாளில் திருப்பித் தர வேண்டும்.

புத்தளத்துச் சொந்த மக்களே, இது உங்களுடைய சரித்திரமும்தான். வந்தவர்களுக்குப் பள்ளிவாசலைத் திறந்துவிட்டீர்கள், சோறாக்கிப் போட்டீர்கள், காணி கொடுத்தீர்கள். அந்தக் கிடாரம் எங்கே? கல்பிட்டியில் வந்து இறங்கியவர்களைக் கண்ட மீனவர்கள் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?

அன்றைக்குக் கைக்குழந்தையாய் வந்தவர்களே இன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். "நாங்க எந்த ஊர் ஆக்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறவுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இதை உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.