செல்லுலார் சிறையோடு முடிவதல்ல அந்தமான்

ஸ்ரீவிஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்குச் செல்பவர் எவரும் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பார்த்தே ஆக வேண்டிய இடம்தான் அது. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கொட்டடிகளில் அடைபட்டுச் செக்கிழுத்தவர்களுக்கும், 1933 உண்ணாவிரதத்தின்போது கட்டாயமாக உணவு புகட்டப்பட்டு உயிரிழந்த மகாவீர் சிங் போன்றோருக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது.

ஆனால், பயணத் திட்டங்கள் பெரும்பாலும் சிறை, மாலையில் ஒலி-ஒளிக் காட்சி, ராஸ் தீவு, மறுநாள் விடியலில் பாராடங் தீவு என்றே போடப்படுகின்றன. இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனம் அதே நகரில் நடத்தும் மானுடவியல் அருங்காட்சியகம், நேரம் மிஞ்சினால் எட்டிப் பார்க்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. இதனால் இந்த மண் யாருடையது என்ற கேள்வியே பயணிக்கு எழாமல் போகிறது.

ஆங்கிலேயர் 1858-இல் இங்கே கைதிகளைக் குடியேற்றிக் காட்டை அழிக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு மே 17 அன்று தீவின் தொல்குடிகளான கிரேட் அந்தமானியர் வில், அம்புடன் அபர்தீன் குடியிருப்பைத் தாக்கினர். தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டதால், துப்பாக்கிகள் ஆயத்தமாக இருந்தன. போரில் தோற்றவர்களை அடுத்து நோய்கள் சூறையாடின. 1877-இல் பரவிய தட்டம்மை பலரைக் கொன்றது. சில ஆயிரமாக இருந்த அந்த மக்கள் இன்று ஐம்பது பேர் அளவில் எஞ்சியுள்ளனர். 2010-இல் அவர்களில் ஒருவரான போவா சீனியர் மறைந்தபோது, ‘போ’ மொழியைப் பேச எவரும் மிஞ்சவில்லை.

அபர்தீன் போருக்கு நினைவுத் தூண் உண்டு. சிறைக்கு வருவோரில் எத்தனை பேரிடம் வழிகாட்டிகள் அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள்?

இந்த விடுபடலின் விளைவு பாராடங் சாலையில் தெரிகிறது. அங்கே செல்லும் அந்தமான் ட்ரங்க் ரோடு ஜாரவா தொல்குடி மக்களின் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. அதன் சில பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்ட பிறகும் வாகனங்கள் சென்றன. ஜாரவா பெண்களை ஆடவைத்த காணொளி 2012-இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. தொல்குடிகளை அறியும் ஆவலில் தவறில்லை. அதைப் பேருந்தின் ஜன்னல் வழியே தீர்த்துக்கொள்ள நினைப்பதுதான் தவறு. அந்த ஆவலுக்குரிய இடம் அருங்காட்சியகம்.

எனவே, சிறை, அபர்தீன் தூண், மானுடவியல் அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே சுற்றாகவும் ஒரே நுழைவுச்சீட்டிலும் நிர்வாகம் இணைக்க வேண்டும். தமிழ், வங்கம், தெலுங்கு, இந்தியில் விளக்கப் பலகைகள் தேவை. கிரேட் அந்தமானியரின் குரல் பதிவுகளை அவர்கள் ஒப்புதலோடு ஒலிக்கச் செய்ய வேண்டும். எதைக் காட்சிக்கு வைக்கலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்ய வேண்டும். பாராடங்குக்குக் கடல்வழிப் போக்குவரத்தை வலுப்படுத்த வேண்டும்.

அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்களுக்கான நினைவிடம் என்று செல்லுலார் சிறையைக் கொண்டாடுகிறோம். அதே ஆட்சியை வில்லேந்தி எதிர்த்த தீவின் மக்களுக்கும் அந்த மரியாதை உரியது. அரசு அதைப் பயணத் திட்டத்தில் எழுதட்டும். பயணிகள் அதற்கு ஒரு முற்பகலை ஒதுக்கட்டும்.