வரத்துக்கால் வெட்ட ஆள் வேண்டும்

சென்ற மாதம் ஒரு திருமணத்தின்பொருட்டு எம்.ரெட்டியபட்டிக்குச் சென்றிருந்தோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பேச்சு எங்குத் தொடங்கினாலும் கண்மாயில்தான் வந்து முடியும். பந்தலில் எம் அருகே அமர்ந்திருந்த பெரியவர், முன்னாளில் மழைக்காலத்துக்கு முன்பே வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வரத்துக்கால் வெட்டப் போனதை விவரித்தார். வேலை தெரியாத இளைஞர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம்.

"அவனையும் கூட்டிட்டுப் போவோம் சார். மண்வெட்டி பிடிக்கத் தெரியாட்டி கூடை சுமக்கட்டும். ரெண்டு வருசத்துல மடை கட்டப் படிச்சுக்கிருவான்" என்றார்.

குடிமராமத்து என்று நாம் ஏட்டில் படிப்பதன் உயிர்நிலை இந்தக் கூடைதான் என்று தோன்றிற்று. 1858இல் சென்னை மாகாணத்துக்காக இதற்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டம் ஆளை வரவழைத்திருக்கலாம். கூடை சுமந்தவனுக்கு மடை கட்டக் கற்றுக்கொடுக்க அதனால் ஆகாது.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பதும் ஒரு பொதுக் கண்மாயே. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்சு வெளியிட்ட லினக்ஸும் அதன் பெருங்கரைகள். நாம் நாள்தோறும் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மீதே நிற்கிறது. ஃபயர்பாக்ஸும் லிப்ரெஆபிசும் தமிழ் முகம் காட்டுவதற்குப் பின்னால் ஊதியமின்றி உழைத்தவர்கள் இருக்கிறார்கள். நீரை எல்லோரும் பருகுகிறோம். வரத்துக்காலுக்குப் போகிறவர் சிலரே.

எம் மாணவர்களிடம் இதைச் சொன்னால், "நிரல் எழுதத் தெரியாதே ஐயா" என்பார்கள். தமிழ் படித்தவர் இல்லாமல் நடவாத வேலை ஒன்று அங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நிரலாளர் ஒரு தொடரை எழுதும்போது பெயர் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விடுவார். ஆங்கிலத்தில் அந்த வெற்றிடத்தில் எதை இட்டாலும் முன்னிற்கும் சொல் மாறுவதில்லை. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரின் ஈற்றோடு புணர வேண்டும். மதுரை மதுரையில் ஆகும். மரம் மரத்தில் ஆகும். வீடு வீட்டில் ஆகும். உடம்படுமெய்யையும் அத்துச் சாரியையையும் ஒற்று இரட்டிப்பதையும் வெற்றிடம் எங்ஙனம் அறியும்? விளைவாகத் திரையில் 'படம்இல்' என்றும் 'வீடுஇல்' என்றும் விகாரங்கள் தோன்றுகின்றன. தீர்வு எளிது. வெற்றிடத்தையடுத்து 'என்னும் கோப்பில்' என்று சேர்த்துவிட்டால் உருபு நமக்குத் தெரிந்த சொல்லோடு புணர்ந்துகொள்ளும். நன்னூலின் உருபு புணரியலைத் தேர்வுக்காக மனனம் செய்து மறந்துபோகும் பிள்ளைகளுக்கு, அது பயன்படும் இடத்தை நாமாவது காட்ட வேண்டாமா?

காட்டினோம், அடியும் பட்டோம். ஈராண்டுகளுக்கு முன் எம் மாணவி ஒருத்தி இத்தகைய தொடர்கள் பன்னிரண்டைத் திருத்தி ஒரு திட்டத்துக்கு அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்து, 'இருப்பதை மாற்ற வேண்டாம்' என ஒரே வரியில் மறுமொழி வந்தது. காரணம் இல்லை; வணக்கமும் இல்லை. அவள் அதன்பின் அப்பக்கம் போகவில்லை. மறுபடி கேட்டுப் பார் என்று சொல்ல எமக்கும் அன்று தோன்றவில்லை. அது எம் பிழை.

ஆகவே, இளையோர் வருவதில்லை என்று உள்ளே இருக்கும் மூத்தோர் அலுத்துக்கொள்வதை நாம் பாதியளவே ஏற்கிறோம். எளிய வேலைகளைத் தாமே அரைமணியில் முடித்துவிடும் கைப்பழக்கத்தை அவர்கள் விட வேண்டும். அவற்றைப் புதியவர்க்கென அடையாளமிட்டு ஒதுக்கும் வழக்கம் மொசில்லா போன்ற பெருந்திட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. தமிழ்க் குழுக்களிலோ 'கோப்பு' என்பதா 'ஃபைல்' என்பதா எனும் போர் முடிந்த பிறகே கூடையைக் கொடுப்போம் என்கிறார்கள். மறுப்பதானாலும் இரண்டு வரியில் காரணம் சொல்லுங்கள். திருப்பித் தரும் விடைத்தாளில் நாம் அதைத்தானே செய்கிறோம்?

புதியவர் எல்லோரும் வரவேற்கத் தக்கவரா எனில், அல்லர். டிஜிட்டல் ஓசன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்டில் நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு சட்டை என்றிருந்தது. 2020இல் சட்டைக்காகக் குப்பைத் திருத்தங்கள் குவிந்து, விரும்பும் திட்டங்கள் மட்டுமே பங்குபெறும்படி நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. அதனினும் கொடியது 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்-இசட் நிகழ்ச்சி. ஏறத்தாழத் தனியொருவராக அம்மென்பொருளைப் பேணிவந்தவர் களைத்திருந்த வேளையில், உதவ வந்தவர்போல் ஒருவர் ஈராண்டுக்கு மேல் பணியாற்றி நம்பிக்கை பெற்று, உள்ளே கள்ளவழி அமைத்தார். உள்நுழைவில் அரை நொடித் தாமதத்தைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளரால் உலகம் தப்பியது. இதைக் காட்டி, கதவை இறுகச் சாத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். நமக்கு அது ஒப்பில்லை. கரையில் ஒற்றை ஆள் காவல் இருந்ததனால் நேர்ந்த கேடல்லவா அது? பத்துப் பேர் படித்துப் பார்க்கும் இடத்தில் கள்ளவழி அமைப்பது அத்துணை எளிதன்று.

ஊதியமின்றி ஏன் உழைக்க வேண்டும், பெருநிறுவனங்கள் அல்லவா பயனடைகின்றன என்னும் கேள்வியில் நியாயம் உண்டு. பருத்திக் காட்டில் கூலிக்குப் போகும் தாயின் மகளிடம் பொதுநலம் பேச எமக்குச் சற்றே கூச்சமாகவும் இருக்கிறது. எனினும் அவள் செய்த திருத்தம் அவள் பெயரோடும் நாளோடும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். நாளை வேலை கேட்டுப் போகுமிடத்தில் அதை எடுத்துக் காட்டலாம். அந்த அளவுக்கேனும் அது அவளுடைய சொத்து.

ஊர் திரும்பியதும் அம்மாணவியை அழைத்துப் பேசினோம். அப்பன்னிரண்டில் ஒன்றை மட்டும், காரணத்தைத் தமிழிலேயே எழுதி, மறுபடி அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். "அனுப்புறேன் ஐயா. ஆனா இந்தத் தடவ நீங்களும் ஒண்ணு அனுப்பணும்" என்றாள். மறுமொழிக்காக இருவரும் காத்திருக்கிறோம்.