விடுமுறைச் செலவு

ஜூன் மாதம் நெருங்கினால் பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடையே ஒரே பேச்சுத்தான். "இந்த முறை எந்த ஊருக்கு?" என்பதே அது. ஒருவர் பாலி என்பார், மற்றொருவர் பெர்த் என்பார். நமக்குக் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுதும் ஒரே வெயில், ஒரே மழை. ஆயினும் இந்த நான்கு வாரத்தைக் 'கோடை விடுமுறை' என்று சொல்லுமளவுக்குச் சிலர் பழகிவிட்டனர்.

அண்மையில் ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "டீச்சர், நாலு பேர் சிக்கனமாக் கனடா போய்வர முடியுமா?" அவருடைய உறவினர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருக்கிறார். தங்க இடம் உண்டு. விமானச் செலவுக்கு மட்டும் கடன் வாங்கலாமா என்று கணவரும் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். "வகுப்பில எல்லாரும் விமானத்தில போயிருக்காங்க, நான் மட்டும் போகலன்னு மகன் சொல்றான்" என்றார். வாயிலில் நின்றபடி என்னால் முழு விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்று எண்ணுவோர் பலர் இருக்கக்கூடும்.

முதலில் கனடாக் கணக்கையே பார்ப்போம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. ஏழு கனடிய டாலர் கட்டி மின்னியல் பயண அனுமதி பெற்றால் போதும். இதைக் கேட்டதும் மனம் துள்ளும். ஆனால் டொராண்டோவுக்கு இங்கிருந்து இடையில் நில்லாத விமானம் இல்லை. எங்கேனும் இறங்கி மாற வேண்டும். வீட்டிலிருந்து வீடு சேர ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்குப் பெரியவருக்குரிய கட்டணமே. அவர்களது கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் இடையே நேர வேறுபாடு சரியாகப் பன்னிரண்டு மணி. நம்முடைய பகல் அவர்களுக்கு இரவு. சிறு பிள்ளைகளின் உறக்கம் சீராகச் சில நாள் பிடிக்கும்.

பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. நம் பள்ளிகளின் ஜூன் விடுமுறை முடியும் வேளையில்தான் ஒண்டாரியோ மாநிலப் பள்ளிகளில் விடுமுறை தொடங்குகிறது. நாம் ஆசையோடு பார்க்கச் செல்லும் உறவினர் பிள்ளைகள் அந்த வாரங்களில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களின் பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டினுள் நம் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விலைப்பட்டியலையும் கவனிக்க வேண்டும். இங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலையில் பொருள் சேவை வரி அடங்கியிருப்பது நமக்குப் பழக்கம். ஒண்டாரியோவில் எழுதியிருக்கும் விலைக்கு மேல் பதின்மூன்று விழுக்காடு வரி சேரும். உணவகத்தில் அதற்கும் மேல் பதினைந்து விழுக்காடேனும் அன்பளிப்புத் தருவது வழக்கம். நூறு டாலர் உணவு எழுந்திருக்கும்போது நூற்றிருபத்தெட்டாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்போருக்குச் சிக்கன வழிகள் இல்லாமலில்லை. டொராண்டோவின் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து நயாகரா செல்லும் 'கோ' ரயிலிலும் அப்படியே. நயாகரா அருவியைக் கரையோரம் நின்று பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்; படகில் ஏறினால்தான் பணம். தேசியப் பூங்காக்களில் பதினேழு வயது வரை உள்ளோருக்கு 2018 முதல் நுழைவு இலவசம். ஆகவே அங்கே போய்ச் சேர்ந்தபின் சிக்கனமாக இருக்கலாம். போய்ச் சேர்வதில்தான் சிக்கனம் இல்லை. மூன்றாண்டு சேமித்துப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. விடுமுறை நான்கு வாரத்தில் முடியும், தவணை முடியாது.

ஆனால் அந்தத் தாயாரின் உண்மையான கேள்வி கனடாவைப் பற்றியதன்று என்றே எனக்குத் தோன்றியது. "நான் மட்டும் போகல" என்ற அவர் மகனின் சொல் என்னை உறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு.

நான் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம். அப்போது பணியாற்றிய பள்ளியில், விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் நான்காம் வகுப்புக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். 'விடுமுறையில் நான் சென்ற இடம்.' நம்மில் யார்தான் இத்தலைப்பைக் கொடுத்ததில்லை? மாணவன் ஒருவன் நயாகரா அருவிக்குப் போய்வந்ததாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். நீர்த்திவலை, வானவில், நீல நிற மழைச்சட்டை எல்லாம் இருந்தன. மகிழ்ந்துபோய் அவனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் ஒரு மாணவி, "எந்த விமானத்தில் போனாய்?" என்று கேட்டாள். அவன் பேசவில்லை. தாளைப் பார்த்தபடியே நின்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு விசாரித்தேன். அவன் அருவியைப் பார்த்தது தொலைக்காட்சியில். அந்த விடுமுறை முழுவதும் அவன் இருந்தது ஓர் உணவங்காடி நிலையத்தில். அவனுடைய பாட்டி அங்கே தட்டுக் கழுவும் வேலை செய்தார். வீட்டில் தனியே விட முடியாமல் அவனையும் உடன் அழைத்துச் சென்றிருக்கிறார். பொய் எழுதாதே என்று அவனுக்கு அறிவுரை சொன்னேன். அந்தப் பொய்க்கு இடம் வைத்தது என் தலைப்புத்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. எங்கும் செல்லாத பிள்ளைக்கு அந்தத் தலைப்பில் எழுத என்ன இருந்தது?

தமிழில் 'செலவு' என்ற சொல்லுக்குப் பயணம் என்பதே பழைய பொருள். தலைவன் பிரிந்து செல்ல எண்ணிப் பின் பயணத்தைக் கைவிடுவதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பாடல்களில் படித்திருப்போம். இன்று அச்சொல் பணத்தை மட்டுமே குறிக்கிறது. விடுமுறை விஷயத்திலும் இதுவே நேர்ந்துவிட்டது. எவ்வளவு பணம் சென்றது என்பதை வைத்து எவ்வளவு தொலைவு சென்றோம் என்று அளக்கிறோம்.

நான் வளர்ந்தது தஞ்சோங் பகாரில். துறைமுகத்தை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்த வட்டாரம் அது. அப்பாவும் துறைமுகத்தில்தான் வேலை செய்தார். எங்களுக்கு விடுமுறை என்றால் ரயில் நிலையம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 1932இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில் நான்கு வெண்ணிற உருவங்கள் நிற்கும். வேளாண்மை, வாணிபம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிப்பவை அவை. எது எது என்று கண்டுபிடிப்பதே எங்களுக்கு முதல் விளையாட்டு. அங்கிருந்து ரயிலேறிக் குளுவாங்கில் இறங்கி, தோட்டத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போவோம். ஒரு வாரம் தங்குவோம்.

அந்தப் பயணத்திற்கு அப்பா போடும் திட்டம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பழைய பயிற்சி ஏடு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு கிழிப்பார். ரயில், சாப்பாடு, அத்தை வீட்டுக்கு வாங்கும் பொருள், கைச்செலவு. கூட்டிப் பார்க்கும் வேலை எனக்கு. கூட்டல் தொகை கையிருப்பை மீறினால், "எதைக் குறைக்கலாம், நீயே சொல்லும்மா" என்பார். ஒருமுறை ரயிலில் வாங்கும் சாப்பாட்டைக் குறைத்தேன். அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி எடுத்து வந்தார். நான் சொன்னதால் நடந்தது என்று வழியெல்லாம் பெருமையாக இருந்தது. பணமில்லை என்பது வீட்டில் மறைத்துப் பேசப்பட்ட செய்தியாக இல்லை. நான் போட்ட கணக்காக அது இருந்தது. அதனால் அது எனக்கு வெட்கத்தைத் தரவில்லை.

அந்த நிலையத்தில் ரயில் சேவை 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது. கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். தண்டவாளம் கிடந்த நிலம் சிங்கப்பூரிடம் திரும்பி வந்தது. இன்று அது தெற்கிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஏறத்தாழ இருபத்து நான்கு கிலோமீட்டர் நீளும் பசுமை நடைபாதை. ரயில் காரிடார் என்பார்கள். புக்கிட் தீமாவின் சிறிய நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதனருகே ஓர் இரும்புப் பாலம், வடக்கே நடந்தால் இன்னோர் இரும்புப் பாலம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி இந்த இரண்டு பாலங்களுக்கு இடையே நடக்க ஒரு காலைப்பொழுது போதும். கட்டணம் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் வேண்டும்.

இவ்வாறு சொல்வதற்கு இன்னும் இருக்கின்றன. சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு புலாவ் உபினுக்குக் கிளம்பும். அங்கே செக் ஜாவாவில் நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போனால் கடலடி உயிர்களைப் பலகைப் பாதையிலிருந்தே காணலாம். அந்த நேரத்தைத் தேடிக் குறித்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே நுழைவு இலவசம். எல்லை தாண்ட விரும்பினால் ஜோகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்கு இன்றும் ரயில் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இடத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். கையிருப்பை முதலில் முடிவு செய்யுங்கள். அது ஐம்பது வெள்ளியாக இருக்கலாம், ஐந்நூறாக இருக்கலாம். அந்தத் தொகையைப் பிள்ளையிடம் சொல்லி, ஓர் ஏட்டைக் கொடுத்து, என்ன செய்யலாம் என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். புறப்பாடு, கட்டணம், கையிருப்பு, மீதம் ஆகிய சொற்களைப் பாடநூலில் பத்துமுறை படித்தாலும் நிலைக்காதவர்கள், சொந்தக் கணக்கில் ஒருமுறை எழுதினால் மறக்க மாட்டார்கள். ஆங்கிலமே பேசும் வீடுகளிலும் இதைச் செய்யலாம். தவறாக எழுதினால் பாதகமில்லை. திருத்துவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

"பிள்ளைக்கு உலகத்தைக் காட்ட வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் காட்ட வேண்டும். வாய்ப்புள்ளவர்கள் காட்டுங்கள், அதில் குறை காண நான் யார்? ஆனால் வாய்ப்பில்லாதவர்கள் தம் பிள்ளைக்கு ஏதோ தவறு இழைத்துவிட்டதாக வருந்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. இரவுப் பணி முடித்து வந்து, உறங்காமல் பிள்ளையுடன் படகுத்துறைக்குப் போகும் தந்தை எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது ஊர்ப்பயணமன்று. ஒரு நாள் விடிந்து அடைவதை எல்லாரும் அறிவார்கள். 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்ற தலைப்பை நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 'விடுமுறையில் ஒரு நாள்' என்று கொடுக்கிறேன். சில சமயம் 'விடுமுறையில் நான் கற்றுக்கொண்ட ஒரு வேலை' என்று கொடுக்கிறேன். கனடா போனவனும் எழுதலாம், புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடியவனும் எழுதலாம். வாசிக்கச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

அந்த மாணவனிடம் அன்றே இந்தத் தலைப்பைக் கொடுத்திருந்தால் உணவங்காடியைப் பற்றி எழுதியிருப்பான். எந்தக் கடையில் விடியற்காலை முதல் அடுப்பு எரியும், எந்த வேளையில் தட்டுகள் குவியும், பாட்டியின் கை எத்தனை மணிக்கு வலிக்கத் தொடங்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கட்டுரையை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

அந்தத் தாயாருக்கு என் விடை இதுவே. இந்த ஜூனில் கனடா வேண்டாம், அம்மா. ஓர் ஏடு வாங்கி மகனிடம் கொடுங்கள். முதற்பக்கத்தில் உங்களால் இயன்ற தொகையை எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில், கனடாவுக்கு மாதம் எவ்வளவு சேமிக்க முடியும் என்ற கணக்கையும் அவனே போடட்டும். பள்ளி திறந்ததும் அந்த ஏட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.